ஸ்கேன் ஊழியர்கள் கொரோனாவில் சம்பாதித்துக் குவித்தார்களா?

"கொரோனா காலத்தில் ஸ்கேன் எடுப்பவர்கள் மாடி வீடு கட்டிவிட்டார்கள்" என்று வேலூர்ப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. நெஞ்சு சி.டி. ஸ்கேனுக்குக் கூட்டம் முண்டியடித்தது 2021 ஏப்ரல், மே மாதங்களில். அதற்கு ஓராண்டு முன்பு, 2020 மார்ச் இறுதியில், பயணிகள் ரயில்கள் நின்றன. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூர் மருத்துவமனைகளில் சிகிச்சைக்காகக் காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டமும் நின்றது. முழங்கால் எம்.ஆர்.ஐ. போன்ற அவசரமில்லாத படங்கள் தள்ளிப்போயின. ஸ்கேன் எண்ணிக்கையை நம்பிப் பிழைக்கும் சிறு மையங்களுக்கு அந்த மாதங்களில் வருமானம் வறண்ட பாலாறுதான். கூட்டம் வந்தபோதும் கட்டணம் மையத்தின் கல்லாவுக்குத்தான் போனது. ஸ்கேன் கருவியை இயக்கும் டெக்னீஷியன் மாதச் சம்பளக்காரர். கவச உடைக்குள் வியர்வை, ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கருவியைத் துடைக்கும் வேலை, வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம்: அவர் பங்குக்கு வந்தவை இவை.