பிபா பேலட்: காசு மினுக்கத்தில் இல்லை, பழுப்பில் இருக்கிறது

நட்டாஷா டெனோனா என்ற மேக்கப் கம்பெனியின் பிபா ஐஷேடோ பேலட்டைத் திறந்ததும் பலருக்கு முதலில் வருவது ஏமாற்றம். வெளிவந்தபோது விலை 129 டாலர். இன்றைய ரூபாயில் பதினோராயிரத்துக்கு மேல் வரும், வரியும் தபால் செலவும் தனி. அவ்வளவு கொடுத்து வாங்கின பெட்டிக்குள் பார்த்தால் டீ, காபி, கருப்பட்டி, புளி என்று ஒரே பழுப்பு வரிசை. "இதுக்கா இவ்வளவு?" என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் மணப்பெண் அலங்காரம் செய்பவர்களின் கிட்டில் ஒரே ஒரு விலையுயர்ந்த பேலட்தான் இருக்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். காரணம் அந்தப் பழுப்பேதான்.

முதலில் கணக்கு. 2019-இல் வந்த இந்தப் பேலட்டில் 15 பான் (நிறப்பொடி அழுத்திய சின்னத் தட்டு), ஒவ்வொன்றும் 2.5 கிராம், ஆக மொத்தம் 37.5 கிராம். ஒரு கிராமுக்கு மூன்றரை டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அதே கம்பெனியின் ஐந்து நிற மினி பேலட்டுகளில் பானுக்கு 0.8 கிராம், மொத்தமே 4 கிராம். 25 டாலருக்கு விற்றபோது கிராமுக்கு ஆறேகால் டாலர் ஆனது. "மினி சீப்" என்பது பில்லைப் பார்த்துச் சொல்வது, தராசைப் பார்த்தால் கதை வேறு. சார்லட் டில்பரியின் நாலு நிற லக்சுரி பேலட்டும் மொத்தம் 5.2 கிராம்தான். பேலட் வாங்கும்போது பின்பக்கம் திருப்பி எடையைப் பாருங்கள். முன்பக்கம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். விலை கூடின பேலட் என்றாலே ஷிம்மருக்காக, அதாவது மினுக்கும் நிறங்களுக்காக வாங்குகிறோம். மேக்கப் கலைஞர் பாட் மெக்ராத்தின் மதர்ஷிப் பேலட் வரிசை 2017-இல் வந்தபோது எல்லோரும் விழுந்தது அதில்தான். பத்துப் பான், 125 டாலர், விரலில் தொட்டால் ஈரம் மாதிரி ஒட்டும் பளபளப்பு. உண்மையிலேயே அருமையான சரக்கு. ஆனால் அதற்குப் பிறகு ஷிம்மர் செய்யும் நுட்பம் மலிந்துவிட்டது. மைக்கா என்பது தட்டையான செதில். மேலே டைட்டானியம் டை ஆக்சைடோ இரும்பு ஆக்சைடோ பூசிய செதில்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து ஒளியைத் திருப்பி அடிக்கும். எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் தாராளமாக விட்டால் போதும், சுமாரான கம்பெனிகூட இன்று கண்ணைப் பறிக்கிற ஷிம்மர் கொடுத்துவிடும். நல்ல மேட் பழுப்பு, அதாவது மினுக்கமே இல்லாத பழுப்பு, அப்படி வராது. அங்கே ஒளிந்துகொள்ள மினுக்கம் இல்லை. பசை குறைந்தால் மாவாகக் கொட்டும். கூடினால் பிரஷ் பட்ட இடம் மெழுகு மாதிரி இறுகி நிறமே வராது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குத்தான் இங்கே காசு.

சோறு நன்றாக இருந்தால் ஊறுகாய் எங்கே வாங்கினாலும் ஓடும். கண் மேக்கப்பில் பழுப்புதான் சோறு.

பிபாவில் நிறத்தின் பெயரோடு ஒரு எண்ணும் ஓரிரு எழுத்தும் இருக்கும். சிஎம் என்றால் க்ரீமி மேட், எம் என்றால் மெட்டாலிக். இந்தக் கம்பெனியின் மற்றப் பேலட்டுகளில் க்ரீம் பவுடருக்கு சிபி, இரண்டு நிறமாக மின்னும் டுவோக்ரோமுக்கு டிசி என்றும் வரும். இது அலங்காரத்துக்குப் போட்ட எழுத்து இல்லை, எந்தப் பிரஷ் எடுப்பது என்பதற்கான குறிப்பு. சிஎம் பானில் அடர்த்தியான பிரஷை அழுத்திச் சுழற்றினால் தேவைக்கு மூன்று மடங்கு வந்துவிடும், பாதி கன்னத்தில் கொட்டும். முனை குறுகிய, தளர்வான பிரஷால் ஒரே ஒரு முறை தொடுங்கள், பிடியில் ஒரு தட்டு தட்டுங்கள், பிறகு இமைக்குப் போங்கள்.

இப்போது குறை. 15 பானும் நம் தோலுக்கு வேலை செய்யாது. வெளிர் மேட் நிறங்கள் மாநிறத்தைவிடக் கறுத்த தோலில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். வெளிர் நிறம் வருவதற்காகச் சேர்க்கிற வெள்ளை டைட்டானியம்தான் காரணம். பிளெண்ட் செய்யச் செய்ய நிறம் போய் அந்த வெள்ளை மட்டும் தங்கிவிடும். புருவ எலும்புக்கு அதைப் போடாதீர்கள், தோல் நிறப் பவுடரே போதும். அந்த வெளிர் பான்களுக்கு ஒரே உபயோகம், ஓரத்தில் கோடு விழுந்தால் அதைக் கரைப்பது. அதற்குச் சுத்தமான பிரஷே போதும் என்பது வேறு விஷயம். ஆக, கறுத்த தோலுக்கு வேலை செய்பவர்கள் இந்தப் பேலட்டின் விலையைப் பதினைந்தால் வகுக்காதீர்கள், பத்தால் வகுங்கள். அப்படிப் பார்த்தாலும் கட்டுப்படியாகும் என்பதுதான் என் கணக்கு.

நடு வரிசைப் பழுப்புகளைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாம் ஒன்று மாதிரி இருந்தாலும் சில மஞ்சள் சாய்ந்தவை, சில சிவப்பு சாய்ந்தவை, சில சாம்பல் சாய்ந்தவை. நம்மில் பலருக்கு இமை முகத்தைவிடக் கறுப்பு, அதிலும் லேசான ஊதா ஓட்டம் இருக்கும். அதன் மேல் சாம்பல் பழுப்பைப் போட்டால் மூன்று நாள் தூங்காத முகம். சிவப்புப் பழுப்பைத் தனியாகப் போட்டால் அழுத கண். முதல் அடுக்கு எப்போதும் மஞ்சள் சாய்ந்த நடுப் பழுப்பு, அதன் மேல் ஓரத்தில் மட்டும் சிவப்போ சாம்பலோ. மணிக்கட்டில் தேய்த்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மணிக்கட்டு இமையைவிட இரண்டு ஷேட் வெளுப்பு. தேய்த்துப் பார்க்க வேண்டியது இமையில்.

முகூர்த்தத்துக்குப் போடும் முறை இப்படி. ஃபவுண்டேஷனுக்கு முன்பே கண்ணை முடியுங்கள், கொட்டுவதைத் துடைத்துவிட்டு முகத்துக்குப் போகலாம். இமையில் எண்ணெய் இல்லாமல் மேக்கப் துடைக்கிற மைசெல்லர் தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைக்கவும். இமை ரொம்பக் கறுப்பு என்றால் அதை மறைக்க ஆரஞ்சு கரெக்டர் க்ரீம், கண்ணாடித்தாள் கனத்துக்கு, அதற்கு மேல் வேண்டாம். பிரைமர் (நிறத்தைப் பிடித்து வைக்கும் அடிப்பூச்சு) இரண்டு இமைக்கும் சேர்த்து ஒரு பச்சரிசி மணி அளவு. ஒரு நிமிடம் விடுங்கள். தொட்டால் இன்னும் ஒட்டுகிறது என்றால் தோல் நிறப் பவுடரைப் பட்டும் படாமல் ஒற்றுங்கள். இந்த ஒரு படியை விட்டுவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் "பேலட் பேட்சியா, திட்டுத் திட்டா வருது" என்று புலம்புகிறார்கள். பசை காயாத பிரைமர் மேட்டை முதலில் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் நகராது.

அடுத்து மஞ்சள் பழுப்பு, இமைக் குழிவுக்குச் சற்று மேலே, கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு. மூடின கண்ணில் போட்டால் திறந்ததும் மடிப்புக்குள் மறைந்துவிடும். அதைவிட இரண்டு படி அடர்ந்த பழுப்பு, சின்ன பிரஷில், வெளி மூலையில் மட்டும். இரண்டுக்கும் ஒரே பிரஷ் வேண்டாம், எல்லாம் சேர்ந்து சேறாகிவிடும். கடைசியில் மெட்டாலிக், இமையின் நடுவில், மோதிர விரலால் ஒற்றி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. விரலுக்குப் பதில் தட்டையான சிந்தெடிக் பிரஷ் என்றால் பொடியை எடுத்த பிறகு பிரஷுக்கு ஒரு பொட்டு மேக்கப் ஸ்ப்ரே. ஈரப் பிரஷை நேராகப் பானில் வைத்தால் அன்றோடு அந்த இடம் இறுகிவிடும். அப்படி ஏற்கெனவே இறுகியிருந்தால் செல்லோடேப்பை ஒட்டி எடுங்கள், இல்லையென்றால் சுத்தமான மஸ்காரா பிரஷால் பானின் இறுகிய மேல்பரப்பைச் சுரண்டுங்கள். அடியில் பொடி புதிதாகவே இருக்கும்.

மண்டபத்து மஞ்சள் விளக்கில் மஞ்சள் சாய்ந்த பழுப்பு கரைந்து காணாமல் போகும். கண்ணாடியில் சரியாகத் தெரிவதைவிட ஒரு படி அடர்த்தி கூட்டி வையுங்கள். ஹோமப் புகையில் கண்ணீர் வழியும், தாலி கட்டும்போதும் வழியும். ஆகவே கீழ் இமையில் எண்ணெய்ப் பசையுள்ள மை வைத்துவிட்டு அதன் மேல் பழுப்பைப் போட்டால் எந்த விலைப் பேலட்டும் காப்பாற்றாது. நீரில் கரையாத ஜெல் பென்சில், அது காய்ந்த பிறகு பழுப்பு. சித்திரை வைகாசியில் இமை மடிப்பில் கோடு விழுகிறதென்றால் ஐஷேடோவைக் குறை சொல்வதற்கு முன் அடியில் எவ்வளவு கன்சீலர் (கறுப்பை மறைக்கும் க்ரீம்) வைத்தோம் என்று பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான்.

பிபாவை வைத்துக்கொண்டு எல்லாம் செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மாம்பழ மஞ்சளுக்கோ கிளிப்பச்சைப் பட்டுக்கோ பொருந்துகிற கண் நிறம் இதில் கிடையாது. அரக்குப் புடவைக்கு வேண்டிய மஞ்சள் தங்கத்துக்கும் தனி சிங்கிள் ஷேட் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே விலை குறைந்த பிராண்டே போதும், மேலே சொன்ன காரணத்துக்காக. இமை ஓரத்துக்கு ஒரு மேட் கறுப்பும் தனியாக வேண்டும். மினுக்கமே வேண்டாம், மேட் மட்டும் போதும் என்பவர்கள் விஸார்ட்டின் நியூட்ரல் மேட் 01-ஐப் பார்க்கலாம். 12 நிறம், மொத்தம் 24 கிராம். பிபாவைவிட உலர்ந்த பொடி, மெதுவாக ஏறும், கை பழகாதவர்களுக்கு அதுவே பாதுகாப்பு. பிபா ஒரே தொடலில் ஏறிவிடும். அவசரத்தில் அது வரம், கை நடுங்கினால் சாபம்.

வீட்டு உபயோகத்துக்கு வேண்டாம். மாதம் இரண்டு விசேஷத்துக்குப் போகிறவர் 37.5 கிராம் பொடியை ஆயுளுக்கும் தீர்க்க முடியாது. கிராம் கணக்கில் நஷ்டமாக இருந்தாலும் அவருக்கு மினிதான் சரி. தொழில் செய்பவர்களிலும் மாதம் மூன்று நாலு கல்யாணமாவது உள்ளவர்களுக்குத்தான் இந்த முதலீடு.

ஆன்லைனில் மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று யாராவது லிங்க் அனுப்பினால் அது பிபா இல்லை. கண்ணில் போடும் பொருள், என்ன சாயம் கலந்திருக்கிறது என்றே தெரியாது. மணப்பெண்ணுக்கு இமை வீங்கினால் பதில் சொல்ல வேண்டியது விற்றவர் இல்லை, போட்டவர்.

ஒருவருக்கு மேல் போடுகிறவர்கள் பானிலிருந்து நேராகக் கண்ணுக்குப் போகாதீர்கள். ஸ்பேட்டுலாவால் சுரண்டி ஸ்டீல் தட்டில் எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடுங்கள், விரலும் அந்தத் தட்டுக்குத்தான் போக வேண்டும். மெட்ராஸ் ஐ சீசனில் இதில் சமரசமே கூடாது. 70 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை ஒரு முழம் தள்ளி நின்று பான்களின் மேல் பனி மாதிரி தெளித்துக் காயவிடலாம், ஆனால் நனைகிற அளவுக்குத் தெளித்தால் மேட் கல்லாகிவிடும். பயணத்தில் கண்ணாடிக்கும் பானுக்கும் நடுவே ஒரு பஞ்சுத் துணியை வைத்து மூடுங்கள், இந்த க்ரீமி மேட் மென்மையானது, ஒரு ஸ்பீட் பிரேக்கருக்கே விரிசல் விடும். உடைந்த மெட்டாலிக்கை ஆல்கஹால் விட்டு அழுத்தினால் ஓரளவு பழையபடி வந்துவிடும். மேட் வராது. அதைப் பொடித்து ஒரு சின்ன டப்பியில் போட்டு வையுங்கள், புருவத்துக்கு ஆகும்.