ஆன்சைட் தேதிக்குத் தலையாட்டும் முன் குழந்தையின் பிறந்த தேதியைப் பாருங்கள்

பெங்களூரில் மழைக்காலம் முடிந்ததும் எல்.கே.ஜி. அட்மிஷனுக்காக நாலைந்து பள்ளிகளில் விண்ணப்பம் போட்டு வைக்கிறோம். ஒன்றில் இடமில்லை என்றால் இன்னொன்று. தூரமானாலும் பஸ் வரும். ஃபீஸ் கட்டினால் இடம் நம்முடையது. இதே பழக்கத்தில் ஒயிட்ஃபீல்டிலிருந்தும் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் இரண்டு வருட ஆன்சைட்டுக்கு, அதாவது கம்பெனி அனுப்பும் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் விசா, டிக்கெட், பெட்டி எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் பள்ளியைத் தேடுகிறார்கள். இது தலைகீழ் வரிசை என்பதே என் கருத்து. நாலிலிருந்து ஏழு வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டில் பள்ளிக் கணக்கை முதலில் போட வேண்டும். பயணத் தேதியை அதற்கு ஏற்ற மாதிரி மேனேஜரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஆறு வாரம் தள்ளிப்போவது பெரும்பாலான ப்ராஜெக்டுகளுக்குத் தாங்கும். குழந்தைக்கோ அந்த ஆறு வாரத்தில் ஒரு வகுப்பே மாறிப்போகலாம்.

2021 ஆகஸ்ட் 10 அன்று பிறந்த குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்ற விதிப்படி, 2026 ஜூனில் இந்தக் குழந்தை எல்.கே.ஜி. அதே வருடம் செப்டம்பரில் இங்கிலாந்தில் இருந்தால் இயர் 1. அங்கே நாலு வயது முடிந்த பிறகு வரும் செப்டம்பரிலேயே இயர் 1-க்கு முந்தைய வகுப்பான ரிசெப்ஷன் தொடங்கிவிடுகிறது. கலிஃபோர்னியாவில் செப்டம்பர் 1-க்குள் ஐந்து முடிந்திருப்பதால் கிண்டர்கார்ட்டன். பெர்லினில் இன்னும் ஒரு வருடம் கிட்டா எனும் மழலையர் காப்பகம்தான். ஒன்றாம் வகுப்பு 2027-இல். ஒரே குழந்தை, நாலு ஊரில் நாலு இடம். இங்கிலாந்தில் இயர் 2 முடித்துவிட்டு 2028-இல் திரும்பி வந்தால் பெங்களூரில் வயதுப்படி கிடைப்பது ஒன்றாம் வகுப்பு. "ரெண்டாவது முடிச்ச பிள்ளையை மறுபடி ஒண்ணுல போடுறாங்களே" என்று சண்டைக்குப் போகாமல் இருக்க, போகும்போதே இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பிறந்த குழந்தையை ஒரு வகுப்பு கீழே ரிசெப்ஷனில் சேர்க்கும்படி இங்கிலாந்தில் கேட்கலாம். முடிவு உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் அல்லது பள்ளியின் கையில். இரண்டு வருடத்தில் திரும்பப் போகிறவர்கள் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பேன்.

அடுத்தது முகவரி. அங்கே அரசுப் பள்ளிக்கு ஃபீஸ் கிடையாது. வீடு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். இங்கிலாந்தில் ரிசெப்ஷனுக்கு ஜனவரி 15 கடைசி நாள், ஏப்ரல் 16 அன்று முடிவு. இதைத் தவறவிட்டு வருடத்தின் நடுவே போகிறவர்கள் 'இன்-இயர்' விண்ணப்பம் போட வேண்டும். சில இடங்களில் கவுன்சிலிடம், சில இடங்களில் நேராகப் பள்ளியிடம். அதிகபட்சம் 15 பள்ளி நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஆனால் ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 ஆகிய மூன்றிலும் ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகள் என்பது சட்ட வரம்பு. விதிவிலக்குகள் மிகக் குறைவு. முப்பத்தொன்றாவது குழந்தைக்காக யாரைப் பார்த்துப் பேசியும் பயனில்லை. அக்கா ஒரு பள்ளி, தம்பி மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பள்ளி என்று இடம் வருவது இதனால்தான். இரண்டு பேருக்கும் காலையில் ஒரே நேரத்தில் மணி அடிக்கும், வீட்டில் கார் இருக்காது, ஒருவர் ஆபீஸ் போயாக வேண்டும்.

ஆகவே வீட்டைப் பிடித்த பிறகு பள்ளியைத் தேடாதீர்கள். போக இருக்கும் ஊரின் கவுன்சில் அட்மிஷன் பிரிவுக்கு முன்பே மின்னஞ்சல் எழுதி, எந்தெந்த வகுப்பில் எந்தப் பள்ளியில் இடம் காலி என்று கேளுங்கள். இரண்டு குழந்தைகளுக்கும் சேர்ந்து இடம் இருக்கிற பள்ளியைச் சுற்றி வீடு பாருங்கள். அரசு ஆய்வில் 'அவுட்ஸ்டாண்டிங்' என்ற உயர்ந்த மதிப்பீடு வாங்கிய பள்ளிதான் வேண்டும் என்று துரத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஒற்றைச் சொல் மதிப்பீட்டை இங்கிலாந்து அரசுப் பள்ளிகளுக்கு 2024 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டார்கள். பழைய பெயருக்காக எல்லோரும் மோதும் பள்ளியைவிட, இடம் இருக்கிற சாதாரணப் பள்ளி ஐந்து வயதுக் குழந்தைக்குப் போதும்.

அமெரிக்காவில் உங்கள் முகவரி எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் வருகிறதோ அது குழந்தையைச் சேர்க்க வேண்டும். அருகிலுள்ள பள்ளி நிரம்பியிருந்தால் அதே டிஸ்ட்ரிக்டில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். பெற்றோர் பெயரில் லீஸ் எனும் வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் அல்லது தண்ணீர் பில் கேட்பார்கள். கம்பெனி தரும் முதல் மாத சர்வீஸ் அப்பார்ட்மெண்ட் இங்கேதான் காலை வாருகிறது. லீஸ் கம்பெனி பெயரில், பில் எதுவும் கிடையாது. வேலைக்குப் போகிறவர் ஆறு வாரம் முன்னால் தனியாகப் போய், நிரந்தர வீட்டுக்கு லீஸ் போட்டுவிட்டுக் குடும்பத்தை அழைப்பதே சரி. விசிட்டர் விசாவில் கூட்டிப்போய் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்ற யோசனை விசா விதிப்படி இங்கிலாந்திலும் செல்லாது, அமெரிக்காவிலும் செல்லாது. மூன்று மாத வேலை என்றால் குடும்பத்தை ஏப்ரல், மே விடுமுறைக்கு அழைத்துக்கொள்ளுங்கள், போதும்.

தடுப்பூசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கா போகிறவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது இதில்தான். நம் ஊரில் 9 மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி அவர்கள் கணக்கில் சேராது. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதுதான் முதல் டோஸ். அரசு மருத்துவமனையில் போடும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்தும் இல்லை, அதனால் அதுவும் சேர்ந்த எம்.எம்.ஆர். தனியாகப் போட வேண்டிவரும். 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த போலியோ சொட்டு மருந்தை அங்கே எண்ண மாட்டார்கள், ஊசியாகப் போட்டதையே எண்ணுவார்கள். கடைசி டோஸ் நாலு வயதுக்குப் பிறகு இருக்க வேண்டும். சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே கிடையாது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் இரண்டு டோஸ் கேட்கிறார்கள், நடுவே மூன்று மாத இடைவெளி வேண்டும். எம்.எம்.ஆரையும் சின்னம்மை ஊசியையும் ஒரே நாளில் போடலாம், தவறினால் 28 நாள் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் டிக்கெட்டுக்கு நாலு மாதம் முன்பே குழந்தை மருத்துவரிடம் போயாக வேண்டும் என்பது புரியும். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட குழந்தைக்குத் தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டலாம். பயப்படாமல் ரத்தப் பரிசோதனையாகச் செய்யச் சொல்லுங்கள், அதை பி.சி.ஜி. பாதிக்காது. ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் தட்டம்மைக்கு இரண்டு ஊசி போட்ட சான்று கட்டாயம், கிட்டாவுக்கும் பள்ளிக்கும். இங்கிலாந்தில் தடுப்பூசி இல்லை என்று இடம் மறுக்க மாட்டார்கள்.

தடுப்பூசி விவரம் எழுதிய, அரசு மருத்துவமனை தரும் தாய் கார்டையோ கிளினிக் புத்தகத்தையோ அப்படியே நீட்டாதீர்கள். 05/08 என்று இருந்தால் அமெரிக்கர் மே 8 என்றுதான் படிப்பார். ஒரே நொடியில் மூன்று மாதம் தவறிப்போகும். மாதத்தை எழுத்தில் போட்டு, மருத்துவர் கையெழுத்து, பதிவு எண்ணோடு டைப் செய்து வாங்குங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல், இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும், கிளினிக் புத்தகத்தில் முன்னால் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியது என்று மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் குழந்தையின் பெயர் சர்நேமாகி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (பெயர் தெரியவில்லை) என்ற மூன்று எழுத்து வந்து உட்காரும். பள்ளிப் பதிவேட்டிலும் அதுவே ஏறிவிடும். விசாவுக்கு முன்பே பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ செய்து சர்நேம் சேர்த்துவிடுங்கள். பெயர் சேர்க்காமல் வாங்கிய பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள்.

அமெரிக்கப் பள்ளியில் சேரும்போது வீட்டில் பேசும் மொழி என்ன என்று ஒரு படிவம் வரும். குழந்தையை மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்று பலர் ஆங்கிலம் என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து தமிழ் என்றே எழுதுங்கள். அதன் பிறகு வரும் சிறு மொழித் தேர்வின்படிதான் ஆங்கிலத்துக்குக் கூடுதல் ஆசிரியர் உதவி இலவசமாகக் கிடைக்கும்.

இங்கே விட்டுவிட்டுப் போகும் பள்ளியில் அவசரப்பட்டு டி.சி. வாங்காதீர்கள். அங்குள்ள அரசுப் பள்ளிகள் பொதுவாக அதைக் கேட்பதில்லை. வாங்கினால் உங்கள் சீட் போய்விடும். இடத்தை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். மாணவரின் பதிவு எண்களான சேட்ஸ் எண் (கர்நாடக அரசுடையது), பென் எண் (நாடு முழுவதற்கும் உரியது) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அங்கே படித்த ஒவ்வொரு வருடத்தின் ரிப்போர்ட்டும் பள்ளி முத்திரையோடு கையில் இருக்க வேண்டும்.

கர்நாடகத்தில் பள்ளிகளில் கன்னடம் கட்டாய மொழி. இரண்டு வருடம் கழித்து வரும் குழந்தை ஆங்கிலத்தில் கதை படிக்கும், வீட்டில் தமிழும் பேசும், கன்னட எழுத்து மட்டும் ஒன்றுகூட நினைவிருக்காது. பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் ஒத்தெழுத்து எனும் கூட்டெழுத்துக்குப் போயிருப்பார்கள். கர்நாடகப் பாடநூல் சங்கத்தின் கன்னடப் புத்தகங்கள் இணையத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. பெட்டி கட்டும் முன் அதை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், நாலு எழுத்து போதும்.