நாலு ஆட்டின் (ஹார்ட்ஸ்) வந்தால் பாதிக்குப் பாதியா?

"கையில் ரெண்டு, ஃபிளாப்பில் ரெண்டு ஆட்டின் இருந்தால் ஃபிளஷ் அடிக்க 50 சதவீத வாய்ப்பு, எவ்வளவு வைத்தாலும் கால் பண்ணு" என்று ஒரு போக்கர் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. (ஃபிளாப் என்றால் மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டு, ஃபிளஷ் என்றால் ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு, கால் என்றால் எதிராளி வைத்த அளவே நாமும் போடுவது.) தப்பு.

நீங்கள் பார்க்காத சீட்டு 47, அதில் ஆட்டின் 9. அடுத்த சீட்டில் வர 19 சதவீதம், ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரை ரெண்டு சீட்டும் பார்த்தால்கூட 35தான், கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள். நடுவில் 100 கிடக்க எதிராளி 50 வைக்கிறார் என்றால், மொத்தம் 200-ஐ எடுக்க நீங்கள் 50 போடுகிறீர்கள், அதற்கு 25 சதவீதமாவது வேண்டும். அந்த 50 அடுத்த ஒரு சீட்டைப் பார்க்க மட்டும்தான், அதனால் ஃபிளஷ் விழுந்த பிறகு அவரிடம் இன்னும் பணம் பெயரும் என்றாலொழிய 19 போதாது. ரெய்ஸ் (அவர் வைத்ததற்கு மேல் ஏற்றி வைப்பது) வேறு கதை, அவர் பயந்து ஃபோல்ட் செய்யக்கூடும், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகக்கூடும் என்பதால் சில நேரம் கால் பண்ணுவதைவிட அதுவே சரி (எதற்கும் மடங்காத ஆளிடம் பலிக்காது).

சரி, அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், குரூப்பில் போட்டிருந்தால் அழித்துவிடுங்கள்.