ஃபிட்ஸ்ஜெரால்ட் அபயக்குரல் கொடுக்கவே இல்லை

புயலில் மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் அபயக்குரல் கொடுத்தும், பின்னால் வந்த ஆர்தர் ஆண்டர்சன் கப்பல் கைவிட்டு ஓடிவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. அந்த மாலுமிகளுக்குச் செய்யும் அநியாயமும்கூட.

1975 நவம்பர் 10. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் கடும் புயல். பிற்பகலிலேயே ஃபிட்ஸ்ஜெரால்டின் கேப்டன் மெக்சார்லி ஆண்டர்சனை ரேடியோவில் அழைத்து, கைப்பிடி வேலி சாய்ந்துவிட்டது, காற்றுப்போக்கி மூடிகள் இரண்டு போய்விட்டன, கப்பல் ஒரு பக்கம் சரிகிறது என்று சொன்னார். கூடவே வரும்படி கேட்டுக்கொண்டார். அப்புறம் ரேடாரும் போயிற்று. அதன்பிறகு ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இருட்டில் வழி சொன்னதே ஆண்டர்சன்தான். இரவு 7.10 வாக்கில் நிலைமையைக் கேட்டபோது, சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் பதில் வந்தது. அதுவே கடைசிப் பேச்சு. ஆபத்து அழைப்பு எதுவும் வரவில்லை. சற்று நேரத்தில் ரேடார் திரையில் அந்தக் கப்பல் இல்லை. 29 பேரும் போய்விட்டார்கள்.

சரி, ஆண்டர்சன் என்ன செய்தது? ஒயிட்ஃபிஷ் விரிகுடாவின் பாதுகாப்புக்குள் வந்து சேர்ந்த பிறகும், கடலோரக் காவல்படை கேட்டதும், தப்பி வந்த அதே புயலுக்குள் திரும்பிப் போய்த் தேடியது. இதை ஓடிப்போனது என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

மூழ்கியதற்கான காரணத்தில் மட்டும் உண்மையிலேயே கருத்து வேறுபாடு உண்டு. சரக்கறை மூடிகள் வழியே தண்ணீர் புகுந்தது என்றது காவல்படை அறிக்கை. அதே ஏரியிலுள்ள கேரிபூ தீவருகே தரை தட்டியது என்றது கப்பல் நிறுவனங்களின் சங்கம்.