சரவணபவ, தாவீதின் கேடயம், பெரியப்பாவின் ஃபார்வர்ட்

போன சஷ்டிக்கு அம்மா பூஜை அறையில் ஷட்கோணம் போட்டாள். பச்சரிசி மாவில் முதலில் ஒரு முக்கோணம், அதன்மேல் தலைகீழாக இன்னொன்று. ஆறு மூலையிலும் ச, ர, வ, ண, ப, வ என்று எழுதி, ஒவ்வொன்றின்மேலும் ஓர் அகல். நெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆறாவது படிக்கும் என் மகள் எட்டிப் பார்த்து, "பாட்டி, எதுக்கு இஸ்ரேல் கொடியைப் போட்டிருக்கே?" என்றாள். அம்மா நிமிரக்கூட இல்லை. "கொடியுமில்லை செடியுமில்லை, மாவை மிதிக்காம அந்தப் பக்கம் போ."

நல்ல வசனமாக இருக்கிறதே என்று படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். அதுதான் தப்பு. பத்து நிமிடத்தில் பெரியப்பாவிடமிருந்து நீளமான ஃபார்வர்ட் வந்து விழுந்தது. யூதர்களின் நட்சத்திரம் முருகனின் ஷட்கோணம்தானாம், தமிழன் கடல் கடந்து கொடுத்துவிட்டு வந்தானாம். கடைசியில் வழக்கம்போல, உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும். அத்தை மகன் ஒருவன், அது தாவீது ராஜாவின் கேடயத்திலேயே இருந்தது, பைபிளில் இருக்கிறது என்று எழுதினான். இன்னொருவன் அது சாத்தான் சின்னம் என்று ஒரு யூடியூப் சுட்டியை அனுப்பினான்.

மூன்றும் தப்பு. குரூப்பில் எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அத்தை மகனுக்கு. பைபிளில் அப்படி ஒரு வரி கிடையாது. எபிரேயத்தில் இதன் பெயர் 'மாகேன் தாவீத்', அதாவது தாவீதின் கேடயம். நட்சத்திரம் என்பது வெளியாட்கள் பார்த்துச் சொன்னது. 'தாவீதின் கேடயம்' என்ற சொல் பழையதுதான். யூதர்களின் ஜெபத்தில் கடவுளைக் குறித்தே வருகிறது, தாவீதைக் காத்த கேடயமே என்று. அங்கே முக்கோணமும் இல்லை, மூலையும் இல்லை. அந்தப் பெயர் இந்த வடிவத்தின்மேல் வந்து உட்கார ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அப்படியானால் யூதர்களின் பழைய சின்னம் எது? விளக்கு. மெனோரா என்கிற ஏழு கிளை விளக்கு. தமிழ் பைபிளில் யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் அதைக் 'குத்துவிளக்கு' என்றே மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான சொல்தேர்வு! ஒரு தாலந்து எடைப் பசும்பொன். ஒட்டுப்போடக்கூடாது, ஒரே பொன்னிலிருந்து அடித்து எடுக்க வேண்டும். நடுத்தண்டிலிருந்து பக்கத்துக்கு மூன்றாக ஆறு கிளைகள், கிளைக்கு மூன்றும் தண்டில் நான்குமாக வாதுமைப் பூ வடிவில் கிண்ணங்கள். தட்டாருக்கு ஆர்டர் கொடுப்பதுபோல வரிவரியாக இருக்கிறது.

கி.பி. 70இல் ரோமானியர்கள் ஜெருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். ரோமில் இன்றும் நிற்கிற டைட்டஸ் வளைவின் உள்பக்கச் சுவரில், கொள்ளையடித்த பொருள்களைத் தோளில் சுமந்துகொண்டு வீரர்கள் ஊர்வலம் போகிறார்கள். அவர்கள் தலைக்குமேல் தெரிவது இந்த விளக்கு. விளக்கு போய்விட்டது, படம் போகவில்லை. ரோம் நகரத்து நிலவறைக் கல்லறைகளில் யூதர்கள் தங்கள் இறந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் விளக்கைத்தான் கீறினார்கள். அதற்கும் முன்னால், கி.மு. 40 முதல் 37 வரை ஆண்ட அந்திகோனஸ் மத்தத்தியாஸ் என்ற, ஹஸ்மோனிய யூத வம்சத்தின் கடைசி அரசன் தன் காசில் விளக்கைப் பொறித்தான். அந்தக் காலத்து யூதர் ஒருவரைப் பிடித்து 'உன் அடையாளத்தை வரை' என்று கரித்துண்டைக் கொடுத்திருந்தால் ஏழு கிளைதான் போட்டிருப்பார்.

நட்சத்திரமும் ஆங்காங்கே இருந்தது, ஆனால் வெறும் அலங்காரமாக. கலிலேயாக் கடற்கரையில் கப்பர்நகூம் என்ற ஊரின் பழைய ஜெபஆலயத்தில் கல்லில் செதுக்கிய ஆறு முனை நட்சத்திரம் இருக்கிறது. அதே ஆலயத்தில் ஐந்து முனை நட்சத்திரமும், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஸ்வஸ்திகமும் இருக்கின்றன. தயவுசெய்து யாரும் இதைப் பெரியப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். பிள்ளையாரும் அங்கே போனார் என்று அடுத்த ஃபார்வர்ட் கிளம்பிவிடும்.

இந்த வடிவம் எப்படி எல்லா ஊரிலும் முளைக்கிறது? கவராயம் எடுத்து ஒரு வட்டம் போடுங்கள். கவராயத்தின் அகலத்தை மாற்றாமல் அந்த வட்டத்தின்மேலேயே குத்திக் குத்தி நகருங்கள். சரியாக ஆறாவது குத்தில் தொடங்கின இடத்துக்கு வந்து நிற்கும். ஒன்று விட்டு ஒன்றாகப் புள்ளிகளைச் சேர்த்தால் இரண்டு முக்கோணம். கயிறும் ஆணியும் வைத்திருக்கிற எந்தக் கொத்தனாரும் ஒரு மதிய நேரத்தில் கண்டுபிடித்துவிடக்கூடியது இது. யாரும் யாருக்கும் கப்பலில் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை.

டெல்லி போனால் ஹுமாயூன் கல்லறையின் பெரிய வளைவைப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஆறு முனை நட்சத்திரம். ஹுமாயூன் யூதரில்லை. அரபு உலகத்தில் இதற்குப் பெயர் சுலைமான் நபியின், அதாவது பைபிளில் வரும் சாலமோனின், முத்திரை. ஜின்களை அடக்க அவர் கையில் ஒரு மோதிரம் இருந்தது என்ற கதை யூதர்களிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. ஒட்டோமான் கடற்படைத் தளபதி பார்பரோசாவின் கொடியில் இந்த நட்சத்திரம் இருக்கிறது. ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு பகுதியில் இன்றைக்கும் இதே நட்சத்திரத்தை வீட்டு வாசலில் கம்பு கட்டித் தொங்கவிட்டால், 'பீர் தயார், உள்ளே வாங்க' என்று அர்த்தம்! 15ஆம் நூற்றாண்டு நியூரம்பர்க் படம் ஒன்றில், பீர் காய்ச்சுகிறவரின் தலைக்குமேல் இது தொங்குகிறது. சாத்தான் சின்னம் என்று சொன்னவன் இதைப் படித்தால் சந்தோஷப்படுவான்.

யூதர்களிடம் இது தாயத்து வழியாகத்தான் பரவியது. நம் ஊர் எந்திரத் தகடு மாதிரி. யூத வீடுகளின் கதவு நிலையில் மெசூசா என்று ஒரு சின்னக் கூடு பதித்திருப்பார்கள், உள்ளே வேத வரிகள் எழுதிய தோல் சுருள். இடைக்காலத்தில் சிலர் அந்தச் சுருளில் தேவதூதர்களின் பெயர்களையும் நட்சத்திரங்களையும் சேர்த்து எழுத ஆரம்பித்தார்கள், பேய்பிசாசு அண்டாமல் இருக்க. 12ஆம் நூற்றாண்டின் பெரிய அறிஞர் மைமோனிடிஸுக்கு இந்தச் சேர்க்கைகள் அறவே பிடிக்கவில்லை. தூதர்களின் பெயர்களை எழுதுகிறவர்களுக்கு மறுமையில் பங்கே இல்லை, கட்டளையைத் தாயத்தாக்கிவிட்டார்கள் என்று கடிந்துகொண்டார். சனங்கள் கேட்டார்களா? எந்த ஊரில் கேட்டிருக்கிறார்கள்! காக்கிற குறி என்பதால் 'கேடயம்' என்ற பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. அப்போதும் சாலமோனின் முத்திரை, தாவீதின் கேடயம் என்று பெயர்களை மாற்றி மாற்றித்தான் சொன்னார்கள்.

தாயத்து அடையாளமானது பிராகா நகரத்தில். 1354இல் அந்த நாட்டு அரசர் நான்காம் சார்லஸ் அங்கிருந்த யூதர்களுக்குத் தனிக் கொடி வைத்துக்கொள்ள உரிமை கொடுத்தார் என்பது மரபு. சிவப்புத் துணியில் நட்சத்திரம். பிற்காலத்தில் புதுப்பித்த அதன் வடிவம் அங்குள்ள பழைய-புதிய ஜெபஆலயத்தில் இருக்கிறது, நட்சத்திரத்துக்கு நடுவில் ஒரு தொப்பியோடு. 1656இல் வியன்னாவில் யூதர் பகுதிக்கும் கிறிஸ்தவர் பகுதிக்கும் இடையில் நட்ட எல்லைக்கல்லில் ஒன்றுக்குச் சிலுவை, இன்னொன்றுக்கு நட்சத்திரம். பதினாலு வருஷத்தில் அந்த யூதர்களை வியன்னாவைவிட்டே துரத்திவிட்டார்கள் என்பது வேறு விஷயம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் புது ஜெபஆலயங்கள் எழும்பியபோது, மாதாகோவில் உச்சியில் சிலுவை இருப்பதுபோல நமக்கும் ஏதாவது வேண்டாமா என்று இதை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அர்த்தமெல்லாம் பிறகு வந்தது. பன்னிரண்டு பக்கங்கள் பழைய இஸ்ரவேலரின் பன்னிரண்டு கோத்திரங்கள் என்றார்கள். ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்ற தத்துவ அறிஞர் முதல் உலகப்போர் முனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அஞ்சலட்டைகளில் எழுதத் தொடங்கிய சிந்தனையில், ஒரு முக்கோணம் கடவுள், உலகம், மனிதன் என்றாயிற்று. மற்றது படைப்பு, வெளிப்பாடு, மீட்பு. அருமையான யோசனைதான், ஆனால் ஒரு தனிமனிதர் 20ஆம் நூற்றாண்டில் யோசித்தது. 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில், யூதர்களுக்கென்று ஒரு தாயகம் கேட்ட இயக்கத்தின் முதல் சியோனிச மாநாடு கூடியபோது வெள்ளைத் தொழுகைச் சால்வையின் நீலக் கரையை எடுத்து, நடுவில் நட்சத்திரத்தை வைத்துக் கொடி செய்தார்கள். அந்த மாநாட்டைக் கூட்டிய ஹெர்ஸல் நினைத்திருந்தது ஏழு தங்க நட்சத்திரம், ஏழு மணி நேர வேலைநாளுக்காக! நல்லவேளையா கெட்டவேளையா தெரியவில்லை, அது எடுபடவில்லை.

இந்த வடிவத்துக்குக் கனம் ஏறியது இதற்கெல்லாம் அப்புறம்தான்.

யூதர்கள்மேல் அடையாளம் தைப்பது நாஜிகளின் கண்டுபிடிப்பு இல்லை. 1215இல் ரோமில் கூடிய லாத்தரன் சபை என்ற கத்தோலிக்கத் திருச்சபையின் பேரவை யூதர்களும் முஸ்லிம்களும் தனியாகத் தெரியும்படி உடுத்த வேண்டும் என்று விதித்தது. பிரான்சில் மஞ்சள் வட்டம், இங்கிலாந்தில் கற்பலகை வடிவம். நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தது நாஜிகள். 1939 நவம்பரில் போலந்தில் பத்து வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் எல்லாரும் வெள்ளைப் பட்டியில் நீல நட்சத்திரம் போட்டுக் கையில் கட்ட வேண்டும் என்று உத்தரவு. அதே வெள்ளை, அதே நீலம்தான் ஒன்பது வருஷம் கழித்து இஸ்ரேல் கொடியாகப் பறந்தது. ஜெர்மனியில் 1941 செப்டம்பர் 19 முதல், ஆறு வயது நிரம்பிய குழந்தையும் இடது மார்பில் உள்ளங்கை அகல மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டுதான் தெருவில் இறங்க வேண்டும். நடுவில் 'யூதன்' என்ற சொல், எபிரேய எழுத்தைக் கேலி செய்வதுபோன்ற வளைவுகளோடு. மஞ்சள் துணியை மொத்தமாக அச்சடித்துத் தந்தார்கள், வெட்டுவதற்குச் சுற்றிலும் கோடு போட்டு. பிரான்சில் அந்தத் துணிக்காக யூதர்களின் ரேஷன் கூப்பனிலிருந்தே கழித்துக்கொண்டார்கள். நான் திரும்பத் திரும்ப நினைப்பது இந்த இடத்தைத்தான். ஒரு தாய் அந்தக் கோட்டின்மேல் கத்தரிக்கோலை ஓட்டி, ஓரத்தை மடித்து, பையனின் பள்ளிச் சட்டையில் ஆறு முனையையும் பொறுமையாகத் தைத்திருக்கிறாள். சரியாகத் தைக்காவிட்டால் தண்டனை.

டிரெஸ்டனில் வாழ்ந்த பேராசிரியர் விக்டர் கிளெம்பெரர், நாஜிகளின் பன்னிரண்டு வருஷத்தில் யூதர்களுக்கு எந்த நாள் மிகக் கொடியது என்ற கேள்விக்கு அந்தச் செப்டம்பர் 19ஐத்தான் பதிலாகச் சொன்னார். ராபர்ட் வெல்ட்ஷ் என்ற பத்திரிகையாசிரியர் 1933 ஏப்ரலிலேயே, யூதர்களின் கடைகளில் நாஜிகள் நட்சத்திரம் பூசிய சில நாளில், அந்த மஞ்சள் அடையாளத்தைப் பெருமையோடு அணியுங்கள் என்று எழுதினார். பின்னால் வரப்போவது தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார். (டென்மார்க் ராஜாவும் யூதர்களுக்காக நட்சத்திரம் அணிந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. டென்மார்க்கில் யூதர்களுக்கு அந்த உத்தரவே போடப்படவில்லை. ஃபார்வர்ட் நமக்கு மட்டும் சொந்தமில்லை.)

யூத மெய்ஞ்ஞான மரபை ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலெம், இந்தச் சின்னத்துக்கு உண்மையான புனிதம் வந்தது சியோனிசத்தால்கூட இல்லை, அழிவுக்கு நடந்தவர்களின் மார்பில் இருந்ததால்தான் என்ற முடிவுக்கு வந்தார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

1948 மே மாதம் இஸ்ரேல் நாடு பிறந்தும் கொடியை முடிவு செய்ய அக்டோபர் 28 வரை ஆயிற்று. நட்சத்திரக் கொடி சியோனிச இயக்கத்தின் கொடியாயிற்றே, வெளிநாட்டு யூதர்களை 'உன் விசுவாசம் எந்த நாட்டுக்கு' என்று கேட்பார்களே என்ற தயக்கம். கடைசியில் கொடியில் நட்சத்திரம் ஏறியது. அரசு முத்திரைக்கு 1949இல் மெனோராவைத் தேர்ந்தெடுத்தார்கள், அதுவும் டைட்டஸ் வளைவில் கொள்ளைப்பொருளாகச் செதுக்கப்பட்ட அதே வடிவில்.

இன்றைக்கு ராணுவ வண்டியிலும் போர் விமானத்திலும் அதே நட்சத்திரம் இருக்கிறது. காசாவில் வீட்டை இழந்த குழந்தைக்கு அது கேடயமாகத் தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அநியாயம். அதே சமயம் ஐரோப்பாவில் எங்கோ ஒரு கிழவரின் கல்லறையில் இருக்கிற நட்சத்திரத்தின்மேல் சாயம் பூசிவிட்டு அதை அரசியல் எதிர்ப்பு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கொடியோடு சண்டை போடலாம். கல்லறையோடு என்ன சண்டை?

பெரியப்பாவுக்கு ஒன்று. அம்மா போட்ட கோலத்துக்கு ஜெருசலேமிலிருந்து சான்றிதழ் வேண்டாம். மேல்நோக்கியது சிவம், கீழ்நோக்கியது சக்தி, நடுவில் குமரன் என்று நம் ஊரில் சொல்வது அதன் அளவில் முழுசாக இருக்கிறது. யூதர்கள் நம்மிடம் வாங்கினார்கள் என்று சொன்னால் முருகனுக்குப் பெருமை கூடிவிடாது, அந்தத் தாய் தைத்த தையல் மட்டும் காணாமல் போய்விடும்.

இவ்வளவையும் சுருக்கி நேற்று ராத்திரி குரூப்பில் குரல்பதிவாக அனுப்பினேன். பெரியப்பா கேட்டுவிட்டார், நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. இன்று காலை ஐந்தரைக்கு அவரிடமிருந்து ஒன்று வந்திருக்கிறது: கொரிய மொழியிலும் அம்மாவை அம்மா என்றுதான் சொல்கிறார்களாம், காரணம் தெரியுமா?