பிரேக்கை மிதிக்கும் காலுக்கு ஒரு ஷூ கிடையாதா?

கார் ஓட்டுவதற்கு வசதியாக ஒரு ஷூ வேண்டும் என்று கடையில் கேட்டால் ஏன் என்னை வேற்றுக்கிரகத்து ஆள் மாதிரி பார்க்கிறார்கள்? ஓடுவதற்கு ஒன்று, நடப்பதற்கு ஒன்று, ஜிம்முக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று சுவர் முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள். தினமும் கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதிக்கிற காலுக்கு மட்டும் எதுவும் இல்லை. "கார் ஓட்டத்தானேக்கா? எதப் போட்டாலும் ஓட்டலாமே" என்கிறார் கடைப்பையன். ஓட்ட முடியாது தம்பி. எதைப் போட்டாலும் ஓட்டலாம் என்று நினைப்பதுதான் இங்கே பிரச்சினையே.

எங்கள் கோவையில் கிராஸ்கட் ரோட்டிலும் ஒப்பணக்கார வீதியிலும் ஏறி இறங்காத கடை பாக்கியில்லை. நான் கேட்பது பெரிய விஷயமும் இல்லை. அடிப்பாகம் மெல்லிசாக, தட்டையாக இருக்க வேண்டும். பின்பக்கம் மூடியிருக்க வேண்டும், அல்லது குதிகாலைப் பிடிக்கிற மாதிரி ஒரு வார் இருக்க வேண்டும். ரப்பர் வழுக்கக் கூடாது. பாதத்தைவிட அகலமாகப் பக்கவாட்டில் துருத்தக் கூடாது. அவ்வளவுதான். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மெமரி ஃபோம் வைத்த ஏதோ ஒன்றை எடுத்துக் காலுக்கு முன்னால் வைத்துவிடுகிறார்கள். "மெத்துமெத்துனு இருக்கும்க்கா, போட்டுப் பாருங்க." மெத்துமெத்தென்று இருப்பதுதான் எனக்கு வேண்டாம்! பிரேக் எவ்வளவு இறங்குகிறது, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதையெல்லாம் உள்ளங்கால் வழியாகத்தான் உணர்கிறோம். நடுவில் ஒரு மெத்தையைப் போட்டுவிட்டால் எங்கிருந்து உணர்வது?

இந்த மெத்தைப் பைத்தியம் எங்கே போய் நின்றிருக்கிறது என்றால், சாலை ஓட்டப் போட்டிகளுக்கான ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பே 2020-ல் விதி போட வேண்டியிருந்தது. 40 மில்லிமீட்டர் என்றால் 4 சென்டிமீட்டர். போட்டிக்கு ஓடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அதைப் பார்த்துச் செய்த தடித்த ஷூக்கள்தான் இப்போது எல்லாக் கடையிலும். குதிகால் பக்கம் படகு மாதிரி விரிந்திருக்கும். சின்ன காரில் பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் நடுவில் இருக்கிற இடமே கொஞ்சம். அதில் இதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பிரேக்கை மிதிக்கும்போது ஷூவின் ஓரம் ஆக்ஸிலரேட்டரையும் சேர்த்துத் தொடும்.

பெண்களுக்கான பகுதிக்குப் போனால் வயிறு இன்னும் எரிகிறது. அங்கே இருப்பது ஹீல்ஸ், பிளாட்ஃபார்ம், பெல்லிஸ், பின்வார் இல்லாத செருப்பு. கார் ஓட்டும்போது குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். அதை ஊன்றிக்கொண்டுதான் முன்பாதத்தை பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் நடுவில் திருப்புகிறோம். ஹீல்ஸ் போட்டால் ஊன்றுவது ஒரு குச்சி நுனியில். கணுக்கால் ஏற்கெனவே வளைந்திருப்பதால் அழுத்தம் தொடையிலிருந்து வர வேண்டும். மாலை நேரத்து காந்திபுரம் சிக்னலில் அரை மணி நேரம் அப்படிக் கிளட்ச் மிதித்துப் பாருங்கள், இடுப்பு வரைக்கும் இழுக்கும். பெல்லிஸ் தட்டையாக இருக்கிறதே என்று எடுத்தால் அடியில் வழவழவென்று பிளாஸ்டிக். மழையில் நனைந்து வந்து ஏறினால் பெடலில் நிற்காது. பின்வார் இல்லாத செருப்பு எல்லாவற்றையும்விட மோசம். அவசரத்துக்குக் காலைத் தூக்கி பிரேக்குக்குக் கொண்டுபோகும்போது செருப்பு காலோடு வராது. தரையிலேயே தங்கும், அல்லது அதன் முன்விளிம்பு மடங்கி பெடலுக்கு அடியில் போய் மாட்டும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். செருப்பை உதறிவிட்டு பிரேக்கைத் தேட அரை விநாடி ஆனால் 8 மீட்டர் போய்விட்டது. இரண்டு சின்ன கார்களின் நீளம் அது. அந்த 8 மீட்டருக்குள் ஒரு குழந்தை குறுக்கே வந்தால் யார் பதில் சொல்வது?

இதைச் சொன்னால் உடனே ஒரு பெரியவர் வருவார். "வெறுங்காலோட ஓட்டும்மா, நாங்கல்லாம் அப்படித்தான் ஓட்டுனோம்." ஓட்டினீர்கள், மறுக்கவில்லை. மாலை போட்டவர்கள் செருப்பில்லாமல்தான் ஓட்டுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் வரவில்லை. வழுக்குகிற செருப்பைவிட வெறுங்கால் மேல் என்றுகூட ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மே மாத வெயிலில் வியர்த்த காலோடு பிரேக்கை ஓங்கி மிதித்துப் பாருங்கள். அப்புறம், கழற்றிய அந்தச் செருப்பை எங்கே வைத்தீர்கள் அண்ணா? காலடியிலேயே! அது பிரேக்குக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் எந்தக் காலால் மிதித்து என்ன பயன்?

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதங்களை ஏற்றியபோது, செருப்பு போட்டு ஓட்டினால் அபராதம் என்று ஒரு வதந்தி ஓடியது. அப்படி எதுவும் கிடையாது என்று சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே ட்விட்டரில் மறுத்தது. சரி, அபராதம் வேண்டாம். நானும் அதைக் கேட்கவில்லை. ஆனால் நம்மவர்கள் அதை "செருப்பு போட்டு ஓட்டினால் ஒன்றும் ஆகாது" என்று எடுத்துக்கொண்டார்கள். அபராதம் இல்லை என்பதும் ஆபத்து இல்லை என்பதும் ஒன்றா? பிரிட்டனில் நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 97-வது விதி, உடையும் காலணியும் வண்டியைச் சரியாக இயக்கத் தடையாக இருக்கக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. நம் டிரைவிங் ஸ்கூல்களில் அந்த ஒரு வரியை முதல் நாளே சொன்னால் என்ன? நான் பழகிய இடத்தில் கடைசி நாள் வரைக்கும் யாரும் என் காலைப் பார்க்கவில்லை.

காருக்குச் செலவு செய்ய நம்மிடம் காசு இல்லாமலா? புது வண்டி எடுத்ததும் தடித்தடியாக 7டி மேட் போடுகிறோம். காலுக்கு அடியில் பஞ்சு, அதன் மேல் ரெக்ஸின். தண்ணீர் பட்டால் வழுக்கும், சரியாகப் பொருந்தாவிட்டால் நகர்ந்து ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் ஏறும். 2009-ல் அமெரிக்காவில் சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் காரில் வேறு மாடலின் மேட் போட்டிருந்ததால் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டு 4 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் டொயோட்டா அங்கே மேட் பிரச்சினைக்காகச் சுமார் 38 லட்சம் கார்களுக்கு அறிவிப்புக் கொடுத்தது. ஒரு மேட் அவ்வளவு செய்யுமென்றால் ஒரு செருப்பு செய்யாதா?

கார் ஓட்டவென்றே ஷூ செய்ய முடியாத காரியமும் இல்லை. இத்தாலியில் 1963-லேயே அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் வைத்த மெல்லிய தோல் ஷூ வந்துவிட்டது. நம்ம ஊர் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ரேஸ் ஓட்டுகிறவர்கள் காலைப் பாருங்கள். கணுக்காலை இறுக்கிப் பிடித்த, மெல்லிய அடி வைத்த ஷூதான் போட்டிருப்பார்கள். அத்தனை விலைக்கெல்லாம் போக வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடுக்குப் போட்டுப் போன வெள்ளை கேன்வாஸ் ஷூ நினைவிருக்கிறதா? தட்டையான மெல்லிய ரப்பர், வழுக்காது, குதிகால் கழன்று வராது. கார் ஓட்ட அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. அதையே பெரியவர்கள் அளவில், அலுவலகத்துக்குப் போட்டுப் போகிற மாதிரி கறுப்பிலும் பழுப்பிலும் செய்து ஓர் அலமாரியில் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற மாநிலம் இது.

கிடைக்கிற வரைக்கும் நான் கேன்வாஸ் ஷூவில்தான் ஓட்டுவேன். அலுவலகச் செருப்பு டிக்கியில் கிடக்கும், இறங்கிய பிறகு மாற்றிக்கொள்வேன். கோயிலுக்குப் போகும்போது செருப்பை முன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்: என் வண்டியில் செருப்பும் தண்ணீர் பாட்டிலும் முன்பக்கம் தரையில் கிடக்கக் கூடாது. மருதமலைக்குப் போனாலும் சரி, பேரூருக்குப் போனாலும் சரி, டிக்கியைத் திறந்து அதில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். முகம் சுளித்தால் சுளியுங்கள், அதுவரைக்கும் வண்டியை எடுக்க மாட்டேன்.