விட்ட இடத்தில் காத்திருக்குமா டேப்?

டேப் வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரே நேரத்தில் எத்தனை செயலிகளைத் திறந்து வைக்கலாம்?" என்பதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் கடையில் அதையே கேட்டேன். கடைக்காரர் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் யூடியூபும் மறுபக்கம் வாட்ஸப்பும் ஓடுவதைக் காட்டிவிட்டுப் பில் போட்டுவிட்டார். இன்று வாங்குவதாக இருந்தால் வேறொன்றைக் கேட்பேன்: நான் விட்டுவிட்டுப் போன செயலி, திரும்பி வரும்போது விட்ட இடத்திலேயே இருக்குமா?

என் தொழில் மொழிபெயர்ப்பு. வாரத்தில் இரண்டு நாள் காலையில் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னைக்குப் போகிறேன். மூல ஆவணம் ஒரு பாதியில், எழுதும் செயலி மறுபாதியில், பிரவுசரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி எனப் பயண நேரம் வேலையிலேயே கழியும். ஒருநாள் வாலாஜா ரோடு தாண்டியதும், வேலை கொடுத்தவர்களின் இணையப் படிவத்தை முக்கால்வாசி நிரப்பிவிட்டு, ஓர் எண்ணைச் சரிபார்க்க மின்னஞ்சலுக்குப் போய் வந்தேன். பக்கம் வெள்ளையாகி, மீண்டும் முதலிலிருந்து ஏறத் தொடங்கியது. சிக்னலும் இல்லை, நிரப்பியது ஒன்றும் மிஞ்சவில்லை.

என் டேப்பில் இருப்பது 4 ஜிபி ரேம், அதாவது ஓடும் செயலிகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம். நினைவகம் நெருக்கடியானதும், கண்ணுக்குத் தெரியாத செயலிகளை ஆண்ட்ராய்டு தானாகவே நிறுத்திவிடும். ஆனால் அண்மைச் செயலிகளின் வரிசையில் அவற்றின் படம் அப்படியே இருக்கும். ஷட்டரை இறக்கிய கடையின் பெயர்ப்பலகையில் மட்டும் விளக்கு எரிவதைப் போல. பழியை டேப்பின் மீது மட்டும் போடுவதும் நியாயமில்லை. அன்றைக்கே என் எழுதும் செயலியும் நிறுத்தப்பட்டிருந்தது. ஆனால் திறந்ததும் கர்சர் அதே சொல்லுக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தது. நிலையைச் சேமித்து வைக்கும்படி அதைச் செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஐபாட் திரையை இரு செயலிகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட் வியூவை ஆப்பிள் 2015-இல் கொண்டுவந்தபோது, 2 ஜிபி ரேம் இருந்த ஐபாட் ஏர் 2-க்கு அது கிடைத்தது. 1 ஜிபி மட்டுமே இருந்த முந்தைய ஏருக்குக் கிடைக்கவில்லை. 2022-இல் செயலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் ஸ்டேஜ் மேனேஜரும், 2025-இல் மடிக்கணினி போலவே இழுத்து நகர்த்தும் சன்னல்களும் வந்தன. ஆண்ட்ராய்டில் திரைப் பிரிப்பு 2016-இல் 7-ஆம் பதிப்போடு பொதுவானது. சன்னல்கள் பெருகிய இந்தக் கதையில் தமிழில் தட்டச்சு செய்பவனின் சங்கடத்தை யாரும் பேசுவதில்லை.

டேப்பைக் கிடையாக வைத்துத் திரையைப் பிரித்து, தமிழ்99 விசைப்பலகையைத் திறந்து பாருங்கள். திரையின் கீழ்ப்பாதி விசைகளுக்குப் போய்விடும். மேலே எஞ்சும் பட்டையில் மூலத்தின் நான்கு வரிகள் தெரியும்; நான் மொழிபெயர்க்கும் பத்திரங்களிலோ ஒரு வாக்கியமே பதினொரு வரி ஓடும். விசைப்பலகையை மூடி, படித்து, மறுபடி திறந்து, பாதி எழுதி, மறந்து, மீண்டும் மூடி என்று எரிச்சலில் ஒரு மாதம் போனது. பிறகு ஒரு புளூடூத் கீபோர்டு வாங்கினேன். அதன் விசைகளில் தமிழ் எழுத்து கிடையாது. விரலுக்குத்தான் இடம் தெரியுமே. முழுத்திரையும் எனக்குத் திரும்பக் கிடைத்தது. கூடுதல் ரேம் உள்ள புது டேப்கூட இந்த உதவியைச் செய்திருக்காது என்பது என் எண்ணம்.

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்குக் கொரோனா காலத்தில் வேறு தொல்லை. இணைய வகுப்பின் பக்கத்தில் பாடநூலைத் திறந்தால் ஐபாடில் அவள் முகம் மறைந்துவிடும். எங்கே போனாய் என்று டீச்சர் திட்டுவார். திரையைப் பிரித்ததும் அந்தச் செயலியில் கேமரா நின்றுவிடும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

இதற்கெல்லாம் மேல் எங்கள் ஊர் வெயில். வேலூரை வெயிலூர் என்று கேலி பேசுவது சும்மா இல்லை; கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும். ஐபாடை 35 டிகிரி வரையிலான சூழலில்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறது ஆப்பிள். செயலிகள் கூடக்கூடச் சூடு ஏறும், சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்யும் மே மாதப் பகல்களில் நான் அகராதியைத் திறப்பதே இல்லை. ஐயமுள்ள சொற்களை ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்து, வெயில் தாழ்ந்ததும் மொத்தமாகப் பார்த்துக்கொள்கிறேன்.